ரீச்சருக்கு வைத்த கூறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே எனக்குப் பல வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன், பிள்ளையாரை நினைத்துக் கும்பிடுவேன், பிறகு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தவள். ஆனால் தயக்கம் அதனால் இல்லை. இந்தக் கதையில் சாமியின் பெயரால் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. விரதமும் ஆசாரமுமாய் வளர்ந்த ஒரு பெண் ஆசாரத்தை விட்ட கதையும் இருக்கிறது. வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிற நான் இதையெல்லாம் எழுதினால், எழுதினதற்காகவே பாவம் வருமோ என்று பயம்.

போன மாசம், மாமா காலமாகி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லக் கேட்டேன். ஒருவர் சொன்னதைப் போலவும் அது நடக்கவில்லை. கிட்ட நின்று பார்த்தவர்களில் இப்போது ஊரில் மிச்சம் அம்மாவும் நானும்தான்; தம்பிக்கு அப்போது விவரம் தெரியாது. அம்மா வாய் திறக்க மாட்டா. அதனால் எழுதுகிறேன்.

வெருகல் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்போது நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த புதுசு. பள்ளிக்கூடம் என்றால் நாலு பக்கமும் அரைச்சுவர், மேலே தகரம், உள்ளே கரும்பலகை ஒன்று. இருக்க வாங்கும் எழுத மேசையும் வருமென்று கல்விக் கந்தோர் அதிகாரிகள் சொல்லிச் சொல்லி வராமல் போக, உடைந்த தோணிப் பலகைகளை அறுத்து ஊராட்களே வாங்கு அடித்தார்கள். வெயில் ஏற ஏற அதில் ஊறிக் கிடந்த தார் இளகும். வெள்ளைச் சட்டையோடு போகும் பிள்ளைகள் எல்லோரும் பின்பக்கம் கறுப்பாய்த்தான் வீடு திரும்புவோம். பள்ளிக்கூடத்தை ஊரில் எல்லோருக்கும் பிடித்திருந்தது, உடுப்புத் தோய்க்கிற அம்மாமாரைத் தவிர.

கட்டிடத்தைவிடப் பெரிய கரைச்சல் ரீச்சர்தான். வருகிறவர்கள் நிற்க மாட்டார்கள். மூதூரில் பஸ் எடுத்து, இறங்கி, மணலில் நடந்து வந்து எங்கள் தகரத்தைப் பார்த்த உடனேயே முகம் விழுந்துவிடும். லீவு வருமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். லீவுக்குப் போனால் திரும்ப மாட்டார்கள். இந்த முறையும் ஒருவரும் தங்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை ஆற்றுக்கு அங்கால் இருக்கிற பள்ளிக்கு மாற்றப் போவதாகக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். மாரியில் அந்த ஆற்றைக் கடந்து சின்னப் பிள்ளைகள் போக ஏலாது. எங்கள் வீட்டில் அது எப்படி முடியுமென்று எனக்குத் தெரியும். தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று அம்மா என்னை நிற்பாட்டிவிடுவா.

அப்படியிருக்கும்போதுதான் திருகோணமலை டவுனிலிருந்து அந்த ரீச்சர் வந்தா. மெலிந்த ஆள், சின்னக் குரல். பள்ளிக்கூடத்தோடு ஒட்டி இருந்த அறையில் தங்கினா. ஒரு பெட்டியும் ஒரு சாமிப் படமும்தான் கொண்டு வந்திருந்தா.

அம்மாவின் தமையன்தான் மாமா. அவர் கரைவலைச் சம்மாட்டி. வலை, தோணி, இழுக்கிற ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் பிள்ளையார் கோயிலையும் அவர்தான் பார்த்தார். எப்போது சதுர்த்தி, எப்போது விரதம் என்று ஊருக்கு அறிவிக்கிறதும் அவர்தான். அவர் சொன்னால் ஊர் மீன் சட்டியைக் கவிழ்த்துவிடும்.

"வந்த ரீச்சர்மார் ஏன் போனவை? வாய்க்கு ருசியா ஒண்டும் இல்லாமத்தான் போனவை," என்று மாமா ஒரு நாள் கரையில் நின்று சொன்னார். "இனி ரீச்சருக்கும் ஒரு கூறு."

கூறு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வலை கரைக்கு வந்ததும் வியாபாரிக்குப் போகிற மீன் ஒரு பக்கம் போகும். மிச்சத்தை இழுத்தவர்களின் கறிக்கென்று மணலில் சின்னச் சின்னக் குவியலாய்ப் பிரித்து வைப்பார்கள். அதுதான் கூறு. முதல் கூறு பிள்ளையாருக்கு. அதை விற்று விளக்குக்கு எண்ணெய் வாங்குவார்கள். ஆளின் பெயரைச் சொல்லி ஒரு கூறு வைத்துவிட்டால் பிறகு அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. பெயருக்குரியவரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் வலை கோபித்துக்கொள்ளும், அடுத்த முறை வெறும் பாசியோடு வரும் என்று ஊரில் நம்பிக்கை. மாமா அதைப் பிள்ளையாரை நம்பின அளவுக்கு நம்பினார்.

ரீச்சர் கூறைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. முதல் நாள் அம்மாவும் கூட வந்தா. ஓலையில் பின்னின பறிக்குள் சூடை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ரீச்சர் பறியைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா, கையை நீட்டவில்லை.

அம்மா அதை வெட்கம் என்று நினைத்துவிட்டா. "வாங்குங்கோ ரீச்சர். உங்கட பேரில வைச்ச கூறு. வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, வலைக்கு ஆகாது. என்ர அண்ணன் உடைஞ்சு போவார்."

ரீச்சர் இரண்டு கையாலும் வாங்கினா. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தடிமன், அக்கா, மூக்கடைப்பு," என்றா.

அன்றிலிருந்து ரீச்சருக்குக் காலமை காலமை தடிமன். நான் பறியோடு போனால் மூக்கில் தலைப்பு. வெள்ளிக்கிழமைகளில் ஊரில் யாரும் மீன் தொடுவதில்லை. அன்றைக்கு மட்டும் ரீச்சருக்குத் தடிமன் வராது. அம்மா கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொடுத்துவிட்டா. "கடல்காத்து ஒத்துக்கொள்ளேல்லை, பாவம்," என்றா. ரீச்சர் கொத்தமல்லித் தண்ணியையும் இரண்டு கையாலும் வாங்கினா.

எங்கள் ஊருக்குத் தெரிந்து மீன் சாப்பிடாத ஆள் என்றால் டவுன் கோயில் ஐயர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மீன் இல்லாதது வெள்ளிக்கும் சதுர்த்திக்கும். அதைவிட வேறு விதமாய் ஒருவர் இருப்பார் என்பது எங்களுக்கு யோசனைக்கே வரவில்லை. ரீச்சரின் அறைப் பக்கமிருந்து காலமையில் மீன்குழம்பு வாசம் வேறு நன்றாய் வரும். ஆனால் ஆள் மட்டும் மெலிந்துகொண்டே போனா. கன்னத்து எலும்பு தெரிந்தது.

"சூடையில முள்ளு கூடத்தான்," என்று மாமா யோசித்தார். அடுத்த கிழமை பறிக்குள் பாரை. அதற்கும் ரீச்சர் தேறவில்லை. முள்ளே வேண்டாமென்று கணவாய் போனது. ஒரு நாள் உயிரோடு நண்டு போனது. அது பறியை விட்டு இறங்கி ரீச்சரின் சாமிப் படத்தடிக்கு ஓடியது. ரீச்சர் கதிரையில் ஏறி நின்றுவிட்டா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கதிரையில் நின்றபடியே ரீச்சரும் சிரித்தா. "பிடியும் பிள்ளை, பிடியும்! எனக்குப் பாடம்தான் படிப்பிக்கத் தெரியும், இவரைப் பிடிக்கத் தெரியாது!" என்று கத்தினா.

படிப்பிக்கத் தெரியும் என்றது உண்மை. ஐந்து வகுப்பையும் ஒரே தகரத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மற்ற வகுப்புக்குப் பாட்டுச் சொல்லித் தருவா. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினது அந்தத் தார் வாங்கில்தான். பள்ளிக்குப் பின்வளவில் விறகு வெட்டுகிறவரின் வீடு இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதுவரைக்கும் தகப்பனோடு காட்டுக்குத்தான் போவார்கள். ரீச்சர் வந்த பிறகு அவர்களும் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். எங்களைவிட அவர்கள்தான் கொழுகொழுவென்று வந்தார்கள்.

லீவு கிட்ட வந்தது. ஊருக்குள் ஒரே கதை, ரீச்சர் திரும்பி வருவாவோ மாட்டாவோ என்று. மாமாவுக்கு நித்திரை இல்லை.

"தங்கச்சி, லீவுக்குப் போக முதல் ரீச்சரைச் சாப்பிடக் கூப்பிடு," என்று அம்மாவிடம் சொன்னார். "நல்லாக் காய்ச்சு. சாப்பிட்டுப் போற ருசியில ஆள் திரும்பி வரவேணும்."

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம். மாமா தன் கையால் தேர்ந்தெடுத்த விளைமீன். அம்மா குழம்பு, பொரியல், சொதி எல்லாம் மீனிலேயே வைத்தா. பருப்பும் பூசணிக்காயும் பக்கத்துக்கு ஒரு பேருக்கு இருந்தன. ரீச்சரைக் கதிரையில் இருத்தி, மேசையில் வாழையிலை போட்டு, நடுத்துண்டைத் தேடி எடுத்து வைத்தா. எதிரே மாமா இருந்தார். எங்களுக்கு விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான். என் கண்ணெல்லாம் சட்டிக்குள் இருந்த தலைத் துண்டில்.

ரீச்சர் பருப்பில் கையை வைத்தா.

"அதைப் பேந்து சாப்பிடலாம் ரீச்சர், முதல்ல மீனைச் சாப்பிடுங்கோ," என்றா அம்மா.

"உங்கட பேரில வைச்ச கூறு," என்றார் மாமா. அவர் குரல் கெஞ்சினது போல இருந்தது. "நீங்கள் வருவீங்கள்தானே ரீச்சர்? லீவு முடிய வருவீங்கள்தானே?"

ரீச்சர் அவரைப் பார்த்தா. வாசலில் நின்ற என்னையும் தம்பியையும் பார்த்தா. பிறகு கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்தா. நன்றி சொல்லிச் சாப்பிடுகிறா என்று நினைத்தேன். அந்த நடுத்துண்டில் பாதியைப் பிய்த்து, பிய்த்தபடியே வாயில் வைத்தா.

எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் மீனில் முள் எடுக்கத் தெரியும். நடுமுள்ளை நீக்கி, விரலால் தடவிப் பார்த்துத்தான் வாய்க்குக் கொண்டு போவோம். ரீச்சர் முள்ளோடு வைத்தா. மென்றா. விழுங்கினா. கண்ணிலிருந்து தண்ணி பொலபொலவென்று வந்தது. தொண்டையைப் பிடித்தா.

மாமாதான் எழும்பினார். வெறும் சோற்றை இறுக்கி உருட்டி, "மெல்லாதேங்கோ, அப்பிடியே விழுங்குங்கோ," என்று கொடுத்தார். இன்னொன்று கொடுத்தார். முள் இறங்கிவிட்டது. ரீச்சர் தண்ணி குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, மிச்சப் பாதிக்குக் கையைக் கொண்டுபோனா.

அந்தக் கையையே மாமா பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், சட்டியைப் பிடித்திருந்த அம்மா துள்ளிவிட்டா.

"இஞ்ச! இண்டைக்குச் சதுர்த்தியெல்லே! ஆர் உன்னை மீன் காய்ச்சச் சொன்னது?"

"அண்ணன், நீங்கள்தானே... சதுர்த்தி போன கிழமையெல்லோ போனது?" அம்மா சுவரில் தொங்கின கலண்டரைப் பார்க்கத் திரும்பினா. மாமா அதற்குள் போய்க் கலண்டருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"பிள்ளையார் எனக்குச் சொல்லுறவரோ, உனக்குச் சொல்லுறவரோ? எடு எல்லாத்தையும்! ரீச்சர், குறை நினைக்காதேங்கோ, பாவம் எங்களுக்குத்தான். அந்த இலையை எடு தங்கச்சி, புது இலை போடு. பருப்பும் பூசணிக்காயும் போதும்."

"அப்ப இவ்வளவு மீனையும் என்ன செய்யிறது?"

"பள்ளிக்குப் பின்வளவில விறகுவெட்டியின்ர வீட்டுக்குக் குடு. சின்னப் பிள்ளையளுக்கு விரதம் இல்லை."

"நானும் சின்னப் பிள்ளைதானே!" என்று நான் அழத் தொடங்கினேன்.

"நீ சம்மாட்டியின்ர மருமகள். உனக்கு இருக்கு," என்றார் மாமா.

அன்று வீடு முழுவதும் பருப்பும் சோறும். ரீச்சர் புது இலையில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டா. அவ அவ்வளவு சாப்பிட்டதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா பரிமாறப் பரிமாற இலை காலியானது. மாமா தான் ஒரு வாய் வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு விறகுவெட்டியின் வீட்டுக்குப் போனார். அந்த மனுசி எங்களைக் கண்டதும் நடுங்கிப் போனா.

"ரீச்சர் ஒரு நாளும் மீனைத் தொட்டதில்லை அண்ணன். பரம்பரையாச் சைவச் சாப்பாடு. பறியை அப்பிடியே வேலிக்கு மேலால தருவா. பிள்ளையளைப் பள்ளிக்கு அனுப்பினாச் சரி, வேற ஒண்டும் வேணாம் எண்டுதான் சொன்னவ. உங்களிட்டச் சொன்னா நீங்கள் கவலைப்படுவீங்களாம், வலைக்கும் ஆகாதாம்."

மாமா சாய்ந்து கிடந்த வேலிக் கதியால் ஒன்றைப் பிடித்து நிமிர்த்தி நட்டார். பிறகு, "உன்ர மனுசனை நாளைக்கு வலைக்கு வரச்சொல்லு. அவனுக்கும் இனிக் கூறு இருக்கு," என்றார். வீட்டுக்கு வருமட்டும் நான் தலைத் துண்டைப் பற்றி இன்னும் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன்.

ரீச்சர் லீவுக்குப் போனா. பள்ளிக்கூடம் தொடங்குகிற அன்று மாமா வலைக்குப் போகவில்லை. விடியவே போய்ப் பஸ் நிற்கிற இடத்தில் நின்றார். முதல் பஸ்ஸில் ரீச்சர் இல்லை. மற்றது வர மத்தியானம் ஆகும். மாமா வெயிலுக்குள்ளேயே நின்றார். அந்தப் பஸ்ஸில் ரீச்சர் இறங்கினா, கையில் ஒரு பெட்டி, மற்றக் கையில் எங்களுக்கென்று டவுனில் வீடு வீடாய்க் கேட்டுச் சேர்த்த பழைய கதைப் புத்தகங்கள். மாமா அந்தப் புத்தகக் கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சம்மாட்டி தலையில் சுமை வைத்து அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

ரீச்சர் கூறும் நிற்கவில்லை. பெயர் சொல்லி வைத்ததை எடுக்க முடியாதே. மணலில் அது வழமைபோல இருக்கும். மூதூரிலிருந்து ஐஸ் பெட்டியோடு வருகிற முஸ்லிம் மீன் வியாபாரியை நானா என்போம்; அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவார். மறுநாள் அதற்குப் பதிலாய் ரீச்சருக்குப் பயறு, வெண்டிக்காய், பூசணிக்காய் என்று கொண்டு வருவார்.

"என்ன சம்மாட்டி, மீன் யாவாரிட்ட வந்து மரக்கறி கேக்குறீங்க? அடுத்த கிழமை நான் மாடு கொண்டு வரணுமோ, பாலுக்கு?" என்று நானா பகிடி விடுவார்.

"கொண்டா. கட்ட இடம் இருக்கு," என்பார் மாமா.

பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. நான் அங்கே ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகும் ரீச்சர் இருந்தா. இப்போது அங்கே கல்லுக் கட்டடம் இருக்கிறது, ரீச்சர்மாரும் சிலர் இருக்கிறார்கள். என் மூத்தவளும் அங்கேதான் போகிறாள்.

நான் எழுதப் பயந்தது இனி வருவதைத்தான்.

ரீச்சர் திரும்பி வரவேண்டுமென்று மாமா பிள்ளையாருக்குப் பொங்கல் நேர்ந்திருந்தார். லீவு முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அது நடந்தது. ஊரே வந்தது, டவுன் கோயில் ஐயரும் வந்திருந்தார். ரீச்சர் தலை முழுகி, ஒரு தட்டம் நிறைய நந்தியாவட்டைப் பூவோடு வந்தா. கோயில் வாசலில், எல்லோரும் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்று, தட்டத்தை என்னிடம் தந்து, "நீர் கொண்டுபோய்க் குடும்," என்றா. தான் வரவில்லை.

அம்மா போய்க் கூப்பிட்டா. "என்ன ரீச்சர், உள்ளுக்கு வாங்கோவன்."

"இல்லை அக்கா. நான் இன்னும் கொஞ்ச நாளைக்கு இஞ்ச நிண்டுதான் கும்பிடுறன்."

அம்மா உள்ளே வந்துவிட்டா. நான் நினைத்தேன், ரீச்சர் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்கிறா என்று. கோயிலடி நாய்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு போகும். என்னுடையது புதுச் செருப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொங்கல் மாமாவின் உபயம். அதனால் அவர் சாமிக்கு நேரே முன்னால் நிற்க வேண்டும், தீபம் காட்டினதும் முதல் பிரசாதமாகிய காளாஞ்சி அவருக்கு. ஐயர் தீபத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மாமா இல்லை. எல்லோரும் திரும்பினோம். மாமா வெளியே, செருப்புகளுக்கு நடுவே, ரீச்சருக்குக் கொஞ்சம் தள்ளி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

"சம்மாட்டியார், அங்க என்ன செய்யிறியள்? உள்ளுக்கு வாருங்கோ, காளாஞ்சி வாங்கவேணும்," என்று ஐயர் கூப்பிட்டார்.

"நானும் இஞ்ச நிக்கவேண்டிய ஆள்தான் ஐயா. நீங்கள் தீபத்தைக் காட்டுங்கோ."

ரீச்சர் திரும்பி அவரைப் பார்த்தா. சேலைத் தலைப்பை வாயில் வைத்தா. அழுதாவோ சிரித்தாவோ எனக்குத் தெரியவில்லை.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். "உள்ளுக்கு இவ்வளவு இடம் கிடக்குது. இவை ஏன் வெளியில நிக்கினம்?"

அம்மா வாசலுக்கு நேரே நின்ற என்னைத் தோளில் பிடித்து ஒரு பக்கமாய் நகர்த்தினா. "வழியை விடு பிள்ளை. அவைக்குத் தீபம் தெரியட்டும்." நான் ஒதுங்கினேன். எனக்குப் பொங்கல் எப்போது தருவார்கள் என்றுதான் இருந்தது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விரும்பினால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அந்தியேட்டி வீட்டில் ஒருவர், ரீச்சர் மீனை வாயில் வைக்கிறது போலப் பாசாங்கு செய்தவ என்றார். இல்லை, விழுங்கினவ. இன்னொருவர், அன்றைக்கு உண்மையாகவே சதுர்த்திதான் என்றார். இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. இனியொருவர், ஐயர் வந்து கையைப் பிடித்து இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப் போனதாகச் சொன்னார். அப்படி நடக்கவே இல்லை. கதை அழகாக இருக்கட்டும் என்று நீங்களும் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.